காய்ச்சல் விட்ட பிறகு

அவளுடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது போன் எடுத்து, "ஏன்டி என்ட பேரைப் போட்ட நீ? ஆரும் ஏதும் சொல்லிருவாங்களோ?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு, அந்தக் கிழமை முழுக்க நித்திரையில்லாமல் கிடப்பாள்.

நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் சைரன். முகத்துக்கு நேரேதான் கூப்பிட்டோம். அவளுக்குக் கோபம் வரவில்லை. "சைரன் அடிச்சா ஆக்கள் ஓடித் தப்பலாம்தானே?" என்று மட்டும் கேட்டாள். அதைப் பகிடியாகக் கேட்டாளா, உண்மையாகவே கேட்டாளா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பல்கலைக்கழக விடுமுறையில் திருகோணமலையில் எங்களுக்கு ஒரு பயிற்சி கிடைத்தது. உட்துறைமுகத்தைப் பார்த்தபடி மேட்டில் நிற்கும் ஓர் ஆய்வுகூடத்தில் டெங்கு வைரஸ் ஆராய்ச்சி. அந்தப் படிப்புக்கு எந்தச் சமூகங்களிலிருந்து பிள்ளைகள் வருவதே அருமையோ, அந்தச் சமூகங்களிலிருந்து தேடி எடுத்த சிலர்தான் நாங்கள். நான் கிண்ணியாவிலிருந்து போன முஸ்லிம் பெண். பிரகாஷ் மலையகத்தில், தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவன். அவள் வெருகலுக்கு அங்கால், கடலோர வேடர் வழிவந்த ஒரு குடும்பத்துப் பிள்ளை. அவளுடைய ஊரிலிருந்து விஞ்ஞானம் படிக்க வந்த முதல் ஆள் அவள்தான்.

முதல் நாள், பொறுப்பாக இருந்த மேடம் எங்களை உட்கார வைத்துக் கதைத்தார். நல்ல மனுசி. ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது எங்கள் நெஞ்சில் கல்லாக விழுந்தது. "இந்த இடத்தை உங்களுக்காக எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நீங்கள் நல்லாச் செய்தால்தான் அடுத்த வருஷமும் உங்கட பக்கத்துப் பிள்ளைகள் வரலாம். விளங்குதா?"

எல்லோரும் தலையாட்டினோம். அவள் கையை உயர்த்தினாள்.

"நல்லாச் செய்யாட்டி, மேடம்?"

அந்தக் கேள்வி எங்கள் எல்லோருக்குள்ளும் இருந்தது. அதை விழுங்கிக்கொண்டுதான் தலையாட்டியிருந்தோம். மேடம், "செய்வீங்கள்" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போனார்.

எங்களுக்கும் பயம்தான். யாரோ ஒரு கொழும்புப் பிள்ளை இருக்கவேண்டிய கதிரையில் தெரியாமல் உட்கார்ந்துவிட்டதைப்போல, எந்த நேரமும் எழுப்பிவிடுவார்களோ என்ற பயம். அதனால் விளங்காததை விளங்கியதாகச் சொன்னோம், தெரியாத உபகரணத்தைத் தெரிந்ததுபோலத் தொட்டோம். அவளால் அது முடியாது. "எனக்கு விளங்கயில்ல, இன்னொருக்காச் சொல்லுங்க." "எனக்குப் பயமாக்கிடக்கு, ஆரும் கிட்ட நில்லுங்க." இப்படி நாள் முழுக்க. அவள் ஒவ்வொரு தரம் வாய் திறக்கும்போதும் நான் மேடத்தின் முகத்தைப் பார்ப்பேன்.

கையுறை போட முன்னர் அதை ஊதிப் பார்ப்பாள். கழற்றிய பிறகு கையை வெளிச்சத்தில் பிடித்து விரல் விரலாகப் பார்ப்பாள். நாங்கள் பெண்பிள்ளைகள் தங்கியிருந்தது ஆய்வுகூடத்துக்குப் பின்னாலிருந்த சின்ன வீட்டில். தண்ணி தேங்கினால் நுளம்பு முட்டையிடும் என்று, அந்த வளவில் ஒரு சிரட்டை மல்லாந்து கிடக்க விடமாட்டாள். பூச்சாடிக்குக் கீழிருக்கும் தட்டையும் கவிழ்த்துவிடுவாள். "நாங்க டெங்கை ஆராய்ச்சி செய்யிற ஆக்கள், எங்களை நுளம்பு கடிக்குமா?" என்று ஒருநாள் பகிடி பண்ணினேன்.

"நாங்க ஆரெண்டு அதுக்குத் தெரியுமா?" என்றாள். சிரிக்கவில்லை.

அவள் சிரித்து நான் பார்த்ததே குறைவு. டெங்கு வைரஸை, தட்டில் வளர்த்த உயிர்க்கலங்களின்மேல் விட்டு, சில நாள் வைத்திருந்து, ஊதாச் சாயம் ஊற்றிப் பார்ப்போம். உயிரோடிருக்கும் கலங்கள் ஊதாவாகும். வைரஸ் தின்ற இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக ஓட்டைபோலத் தெரியும். முதல் தரம் அது தெளிவாக வந்தபோது நாங்கள் துள்ளிக் குதித்தோம். பிரகாஷ் அந்தத் தட்டை யன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பாருங்க, பாருங்க, வானத்துல நட்சத்திரம் மாதிரி!" என்றான். அவள் அந்த ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இது ஒரு துளிக்குள்ள இருந்ததா?" என்று கேட்டாள். "அப்ப ஒரு பிள்ளைக்குள்ள எவ்வளவு இருக்கும்?"

எங்களுடைய துள்ளல் அதோடு நின்றுபோயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் முன் ஆசனத்தின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பாலம் முடிந்த பிறகுதான் விட்டாள். உம்மா அவளுக்கு மீன் பொரித்து, மாசிச் சம்பல் இடித்து வைத்திருந்தா. நன்றாகத்தான் சாப்பிட்டாள். ஆனால் பாதிச் சாப்பாட்டில் ராத்தா என்று நான் கூப்பிடும் அக்காவின் மகன் இருமிக்கொண்டு ஓடிவர, கையைக் கழுவிவிட்டு வந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "எப்ப இருந்து இருமுறான்? சாப்பிடுறானா? விளையாடுறானா?" ராத்தாவுக்கு முகம் கறுத்துப்போயிற்று.

அவள் வெளியே போயிருந்த நேரம் உம்மா என்னிடம் மெல்லச் சொன்னா: "நல்ல புள்ளதான். ஆனா அது பார்க்கிற பார்வைக்கு, காச்சல் இல்லாதவனுக்கும் வந்திரும் போல இரிக்கி."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதே நேரம், அவளைக் கூட்டி வந்திருக்கக் கூடாதோ என்றும் இருந்தது. அவளோடு இருக்கும்போதெல்லாம் எனக்கு அப்படித்தான். பிடிக்கும். ஆனால் பக்கத்தில் நிற்க அந்தரமாக இருக்கும்.

பயிற்சி பாதி தாண்டிய பிறகு கையுறைக் கதை நடந்தது. எல்லோரும் ஆய்வறைக்குள் வேலையாக இருந்தோம். பிரகாஷின் கலங்கள் அப்போதுதான் வைரஸ் விடும் பருவத்துக்கு வந்திருந்தன. பல நாள் பிள்ளை பார்ப்பதுபோலப் பார்த்து வளர்த்தவை. திடீரென்று அவளுடைய குரல்: "மேடம்! என்ட கிளவுஸ் கிழிஞ்சிட்டுது!"

அப்படியொரு சொல் வந்தால் வேலை நின்றாகவேண்டும் என்பது சட்டம். நின்றது. எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். அவளுடைய கையைக் கழுவி, மருந்து பூசி, மேசையெல்லாம் துடைத்தார்கள். கடைசியில் மேடம் அந்தக் கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பிடித்தார். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. கிழிசல் என்று அவள் கண்டது வெறும் மடிப்பு.

பிரகாஷின் கலங்கள் அந்தக் களேபரத்தில் பழுதாகிப்போயின. அவன் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேடம் அவளிடம், "சொன்னது சரி. எப்பவும் சொல்லவேணும்" என்றார். ஆனால் அவருடைய முகம் விழுந்துபோயிருந்ததை நாங்கள் எல்லோரும் கண்டோம். பயிற்சிக்குக் காசு கொடுப்பவர்களுக்கு அவர் இதையும் எழுதவேண்டும்.

அன்று பின்னேரம் அறையில் எனக்குப் பொறுக்கவில்லை.

"வாயப் பொத்திக்கிட்டு இரிக்க ஏலாதா ஒனக்கு?" என்றேன். "எங்களப் போல ஆக்களுக்கு இது ஒருக்காத்தான் கிடைக்கும். ரெண்டாம் தரம் ஆரும் தரமாட்டாங்க."

அவள் காய்ந்த உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"ஓம், தெரியும்" என்றாள். "ஆனா நான் ஒருக்கா வாயைப் பொத்தினனான்."

பிறகு சொன்னாள். அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். மழைக்காலத்தில் அவனுக்குக் கடும் காய்ச்சல். சில நாள் நெருப்பாகக் காய்ந்துவிட்டு, ஒரு நாள் விடிய விட்டுவிட்டது. அம்மா சந்தோசப்பட்டு, வெருகல் முருகனுக்கு நேர்ந்ததைச் செய்யவேண்டும் என்று சொல்லிக்கொண்டு கஞ்சி வைத்தா. தம்பி பாயில் சுருண்டு கிடந்தான். இவள் அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. காலும் சில்லென்றிருந்தது.

"காய்ச்சல் விட்டா குளிரும்தானே எண்டு நினைச்சன். எண்டாலும் என்னமோ சரியில்ல எண்டு உள்ளுக்குத் தெரிஞ்சது. அம்மா எத்தினையோ நாளைக்குப் பிறகு சிரிச்சுக்கொண்டு நிக்கிறா. அதைக் கெடுக்கப்போடாது எண்டு பேசாம இருந்திட்டன். மறுகா, மத்தியானத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிது."

மடித்த உடுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். "அது டெங்கு எண்டு கம்பஸுக்கு வந்த பிறகுதான் எனக்கு விளங்கினது. காய்ச்சல் விடுற நேரத்திலதான் இரத்தத்தில இருக்கிற தண்ணி நாளத்தால ஒழுகுமாம், கை கால் குளிருமாம், ஒண்டுக்குப் போகாதாம். புத்தகத்தில ஒரு வரியில போட்டிருந்தாங்க."

நான் அவளுடைய துவாய் ஒன்றை எடுத்து மடித்துக் கொடுத்தேன்.

பயிற்சியின் கடைசிக் கிழமை வந்தது. கொழும்பிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் வந்து எங்களுடைய ஆராய்ச்சிப் பேச்சுகளைக் கேட்டு, இரண்டு பேரைத் தங்களோடு மேற்கொண்டு வேலை செய்ய எடுப்பதாக ஏற்பாடு. அந்த இரண்டில் ஒருவன் பிரகாஷ்தான் என்று எல்லோருக்கும் தெரியும். பழுதான வேலையைத் திரும்பத் தொடங்கி, இரவு பகல் பாராமல் செய்து முடித்திருந்தான். அந்தக் கிழமைதான் அவனுக்குக் காய்ச்சல் வந்தது.

"சும்மா காச்சலுங்க. வேலை பார்த்த அலுப்பு" என்று மாத்திரை போட்டுக்கொண்டு திரிந்தான். மேடத்திடம் சொல்லவேண்டாம் என்று எங்களைக் கெஞ்சினான். அவள் விடவில்லை. மேடத்திடம் போய்ச் சொன்னாள். மேடம் அவனை இரத்தம் சோதிக்க அனுப்பினார். அன்றைய பரிசோதனையில் பயப்பட ஒன்றுமில்லை என்று வந்தது. பிரகாஷ் அவளைப் பார்த்து, "சைரன் மறுபடியும் அடிச்சிருச்சு" என்றான். எல்லோரும் சிரித்தோம்.

பேச்சு நாள் காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. வெள்ளைச் சேட்டும் கழுத்துப் பட்டியுமாக வந்தான். முகம் வெளுத்திருந்தாலும் ஆள் பளிச்சென்று இருந்தான். மண்டபத்துக்கு வெளியே எல்லோரும் கைகொடுத்தோம். அவளும் கையை நீட்டினாள். நீட்டியவள் அவன் கையை விடவில்லை.

"குளிருது" என்றாள்.

"ஏசி காத்துங்க."

"நாங்க வெளியில நிக்கிறம்." அவள் குரல் மாறிவிட்டது. "வயிறு நோகுதா?"

"கொஞ்சம்."

"சத்தி வாந்தி ஏதும் எடுத்தீங்களா?"

அவன் மற்றப் பையன்களைப் பார்த்தான். "விடிய ஒரு தரம்."

"ஒண்டுக்குப் போனீங்களா?"

பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் அவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. "பிரகாஷ், ஒண்டுக்குப் போனீங்களா?"

"நேத்துப் போனேங்க" என்றான் மெதுவாக. அவனுடைய சிரிப்பு போய்விட்டிருந்தது.

உள்ளே மேடம் வரவேற்புரை சொல்லிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் கொழும்பிலிருந்து வந்தவர்கள். அவள் கதவைத் திறந்து, நடுவழியால் நடந்து, மேடைக்குக் கீழே போய் நின்றாள். "மேடம், பிரகாஷ் ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்" என்றாள். மண்டபம் முழுக்கக் கேட்டது.

மேடம் ஒலிவாங்கியைக் கையால் பொத்தினார். "அவர்தான் முதலாவது. கொஞ்ச நேரம். முடிஞ்ச உடனே என்ட வாகனத்தில அனுப்புறன்."

"ஏலாது, மேடம்."

நான் திறந்த கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். முடிந்தது, எல்லாம் முடிந்தது, இனி எங்கள் பக்கத்திலிருந்து ஒருவரையும் எடுக்கமாட்டார்கள் என்றுதான் அந்த நேரம் என் மனதில் ஓடியது. அவள் மேடத்தின் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அதே வழியால் வெளியே வந்து என் கையைப் பிடித்தாள். "தனியத் தாங்கிப் பிடிக்க ஏலாது. வா."

ஓட்டோவில் அவனை நடுவில் வைத்துக்கொண்டு போனோம். துறைமுக வீதியில் ஒரு மான்கூட்டம் குறுக்கே நின்றது. எந்த நாளும் நிற்பவைதான். ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார். ஒரு கிழட்டுக் கலைமான் எங்களைப் பார்த்துவிட்டு, ரோட்டில் கிடந்த பொலித்தீனை மோந்து பார்த்தது. அவள் இறங்கி ஓடிப்போய்க் கையைத் தட்டித் தட்டி, அழுதழுது அவற்றைத் துரத்தினாள். அவள் அழுது நான் கண்டது அன்றைக்குத்தான். பிரகாஷின் தலை என் தோளில் சாய்ந்தது. "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றான். வார்த்தை அவன் வாயில் குழறிற்று.

ஆஸ்பத்திரியில் ஒரு நேர்ஸ் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சல் விட்டிட்டுதே. பிறகேன் இப்படிப் பயப்படுறீங்க?"

"விட்டதாலதான் மிஸ் பயம்" என்றாள்.

நேர்ஸ் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டியை அவன் கையில் சுற்றினார். காற்றடித்தார். அழுத்தம் பிடிபடாமல் திரும்பவும் அடித்தார். அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். தள்ளுவண்டி வந்தது, டொக்டர் வந்தார், கதவு மூடியது.

நாங்கள் நடையில் நின்றோம். அவள் கொஞ்ச நேரத்தில் என்னிடம், "நீ போ" என்றாள். "உன்ட பேச்சு பின்னேரம்தானே? போய்ப் பேசு."

"ஒன்ட பேச்சு?"

"என்ட முறை இந்நேரம் முடிஞ்சிருக்கும். நான் இஞ்ச நிக்கிறன். போடி."

போனேன். என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது. முடிந்ததும் மேடத்தின் வாகனத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மேடம் வழி முழுக்கக் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே வந்தார். வார்ட்டுக்கு வெளியே அவள் அதே இடத்தில் நின்றாள். மேடம் அவளுக்கு முன்னால் போய் நின்று, "கொழும்பு ஆக்கள் போயிட்டினம். உங்கட பேச்சைக் கேட்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தனான். நேரமில்லை எண்டு..." என்று தொடங்கினார்.

"பரவாயில்ல மேடம்" என்றாள் அவள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "பிரகாஷ் ஒண்டுக்குப் போயிட்டார். இப்பதான் நேர்ஸ் வந்து சொன்னவ."

மேடம் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்.

கொழும்புக்கு என்னை எடுத்தார்கள். பிரகாஷை அவன் தேறிய பிறகு தனியாகக் கூப்பிட்டுக் கேட்டு எடுத்தார்கள். அவளை எடுக்கவில்லை. மேடம் எவ்வளவோ எழுதிப் பார்த்தார். படிப்பு முடிய அவள் வெருகல் பக்கமே திரும்பிப் போய், சுகாதாரப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வீடு வீடாகப் போய்க் காய்ச்சல்காரரைப் பார்ப்பது, தண்ணித் தொட்டியைக் கவிழ்ப்பது. அந்த வேலையைச் செய்யத்தான் பிறந்தவள் என்று பிரகாஷ் சொல்வான். எனக்கு அது மனதில் ஆறாது. அந்த ஊதாத் தட்டுகளை அவள் பார்த்ததுபோல எங்களில் ஒருவரும் பார்த்ததில்லை.

போன மாரிகாலத்தில் இரத்த மாதிரி எடுக்கும் வேலையாக வெருகலுக்குப் போய், அவளோடு ஒரு வீட்டுக்குப் போனேன். மீன்பிடிக்கும் ஒருவரின் வீடு. அவருடைய சின்ன மகனுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. அவள் அவனுடைய கையைத் தொட்டாள், வயிற்றை அமத்தினாள். "கொண்டு போவம்" என்றாள்.

தகப்பன் வலையை உதறியபடி, "இவ வந்தா நல்ல கதை ஒண்டும் கதைக்கமாட்டா" என்று என்னிடம் முறையிட்டார். "போன கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு போகச் சொன்னவ. இப்ப என்ட பொடியன். கரிநாக்கு."

அவள் முற்றத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "கரிநாக்குத்தான் அண்ணே. நீங்க வெளிக்கிடுமட்டும் எழும்பமாட்டன்."

ஏசி ஏசிக்கொண்டே வெளிக்கிட்டார். நாங்களும் போனோம். ஒரு இரவு வைத்துப் பார்த்தார்கள். நான் நித்திரையே கொள்ளவில்லை. அவளைப் பற்றி எதுவும் சொல்லத் தேவையில்லை. விடிய டொக்டர் வந்து, இது டெங்கு இல்லை, வெறும் தடிமன், சளிக் காய்ச்சல், வீட்டுக்குக் கொண்டு போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்காக நின்றபோது தகப்பன் வெடித்தார். "என்ட ஒரு நாள் தொழில் போயிட்டுது! ஊரெல்லாம் சிரிக்கப் போகுது!" அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. உடைந்துபோயிருப்பாள் என்று நினைத்தேன். பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்க, வாயைப் பொத்தாமல், பஸ் தரிப்பிடத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எதுக்குப் பிள்ள சிரிக்கிறாய்?"

"நான் சொன்னது பிழை, அண்ணே" என்றாள். "முழுப் பிழை. பொடியன் பிழைச்சிட்டான்."

அந்த மனிதர் அவளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த மகனைக் கழற்றி அவளிடம் நீட்டினார். "இந்தா, இவனைக் கொஞ்சம் பிடி. நான் போய் உங்க ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி வாங்கியாறன்."